பாங்கு நேரத்துப் புகை

கஞ்சியில் புகை மணத்தது.

யாரும் அதை என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. நோன்பு துறந்து, மஃரிப் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் கதைத்துக்கொண்டு போனார்கள்.

"இண்டைக்கும் மணக்குதுடாப்பா."

"கெம்பஸ் அடுப்பெல்லவா? படிச்ச புகை, அப்பிடித்தான் மணக்கும்."

செருப்பு கண்ணுக்கு முன்னால்தான் கிடந்தது. அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அவமானத்தில் காது சுட்டது. அந்தப் பகிடி நன்றாக இருந்ததுதான் இன்னும் கோபமாக இருந்தது.

கடலோரக் கல்முனைக்குடியில் எங்கள் தெருப் பள்ளிவாசலின் பின்பக்கக் குசினியில், நோன்பு மாதம் முழுவதும் பின்னேரத்தில் கஞ்சி காய்ச்சுவார்கள். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் கிடாரம் என்னும் பெரிய அண்டா அடுப்பில் ஏறும். மாலை அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் வீடுகளிலிருந்து வாளியும் ஜக்கும் வந்து வரிசை கட்டும். அந்த வருடம்தான் முதன்முதலாக விறகை விட்டுவிட்டு, நெல் உமியில் எரியும் ஓர் அடுப்பில் கஞ்சி காய்ச்சினார்கள். அந்த அடுப்பைச் செய்தவன் நான்.

உமியும் என் புருவமும்

இந்தப் பத்தியில் நான் எழுதிய போன வாரக் கட்டுரையைப் படித்த ஒருவர், "ஒலுவில் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இருந்தேன் என்கிறீர்களே, அங்கே அப்படி என்னதான் செய்தீர்கள்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் மாமியாரும் இதையே நீண்ட காலம் கேட்டார்.

தண்ணீர் கொதிக்க வைத்தேன். உண்மை அதுதான். ஓர் அடுப்பு நல்லதா கெட்டதா என்று பார்க்க, இவ்வளவு உமியில் இவ்வளவு தண்ணீர் எவ்வளவு நேரத்தில் கொதிக்கிறது என்று அளக்க வேண்டும். காலையில் தொடங்கினால் மதியம் வரை அதுதான் வேலை. புதிதாக வந்த காவலாளி ஒருவர் எங்கள் கொட்டிலைத் தேத்தண்ணிக் கடை என்று நினைத்து, ஒரு பிளேன்டீ கேட்டு வந்து நின்றிருக்கிறார்.

இந்த ஆசை எரிவாயுவுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில் பிறந்தது. வெறும் சிலிண்டர்களை ரோட்டோரமாக நிறுத்தி, ஒன்றோடொன்று சங்கிலியால் கட்டிவிட்டு, ஆட்கள் நிழல் தேடி ஒதுங்கியிருந்த நாட்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நானும் நின்றேன். எங்கள் பக்கத்து வயற்காட்டு நெல் ஆலைகளுக்குப் பின்னால் உமி மலை மலையாகக் கிடக்கும். அதைச் சும்மா கொளுத்துவார்கள். கரித்தூள் பறந்து வந்து கொடியில் காயும் வெள்ளை உடுப்பில் உட்காரும். ஒரு பக்கம் எரிக்க வழியில்லாத சனம், இன்னொரு பக்கம் வீணாக எரியும் உமி. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு முடியவில்லை.

உமியை நேரே எரித்தால் கண்ணைக் கரிக்கும் புகைதான் வரும். ஆனால் காற்றைக் கொஞ்சமாகக் கொடுத்துச் சூடாக்கினால், அது ஒரு வாயுவை விடும். அந்த வாயுவை மேலே கொண்டுவந்து எரித்தால் நீலச் சுவாலை, புகை இல்லை. சொல்ல இவ்வளவுதான். செய்து முடிக்கச் சில வருடங்களும் என் இடப்பக்கப் புருவமும் போயின. புருவம் திரும்ப முளைத்துவிட்டது. கொஞ்சம் கோணல்.

அடியிலிருந்து காற்றைத் தள்ள ஒரு சின்ன ஊதுவிசிறி வைத்தேன். அது நின்றால் அடுப்பு நின்றது. காற்று இல்லாமல் மேலே சுவாலை அணைந்துவிடும், உள்ளே உமி கனன்றுகொண்டே இருக்கும். எரியாத வாயு வெள்ளைப் புகையாக வெளியே வரும். மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்று யோசித்து ஒரு பற்றரியும் பூட்டியிருந்தேன். நான் யோசிக்காதது எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த விசிறியின் இரைச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சைலன்சர் உடைந்த மோட்டார் சைக்கிள் ஒன்று பக்கத்தில் நின்று உறுமுவது போல இருக்கும். ஆய்வுக் கட்டுரையில் அதைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை. வெப்பத்தை அளந்தேன், புகையை அளந்தேன். சத்தத்தை அளக்கத் தோன்றவில்லை.

காதர் காக்காவின் கண்

பள்ளிக் குசினிக்கு அடுப்பு வந்ததற்குக் காரணம் காதர் காக்கா; எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். எங்கள் தெருவில் கல்யாணமா, கந்தூரியா, கிடாரம் ஏறினால் பக்கத்தில் அவர் நிற்பார். ஆனால் கண்ணில் வெண்படலம் விழுந்து ஒரு கண்ணைச் சத்திரசிகிச்சை செய்த பிறகு, புகைப்பக்கம் போகவே கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மற்றக் கண்ணும் கத்திக்குக் காத்திருந்தது. கல்யாணச் சமையலை எல்லாம் மகள் நிறுத்திவிட்டாள். மிச்சம் இருந்தது நோன்புக் கஞ்சி ஒன்றுதான். அதற்கும் அவள் தடை போட்டபோது, மனிதர் நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தம்பி, கெம்பஸில புகையில்லாத அடுப்பொண்டு செய்யிறயளாமே? மெய்தானா?"

"ஓம் காக்கா."

"அத நம்மட பள்ளிக்குத் தாங்க. மகளுக்கு நான் சொல்லிட்டன். புகையில்லாட்டிப் போகலாம் எண்டு அவளும் ஒத்துக்கிட்டாள்."

ஆய்வுகூடத்தில் எத்தனையோ பேர் என் அடுப்பைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார்கள். எனக்கு இது வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் காதர் காக்காதான். எனக்குச் சந்தோசத்தில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. மனைவியைக் கூப்பிட்டு அவருக்கு இரண்டு தரம் தேத்தண்ணி கொடுக்க வைத்தேன்.

நோன்புக்கு முந்திய மாதத்தில் ஒரு காலைப்பொழுது, பள்ளி நிர்வாகத்தவர்கள் முன்னால் வெள்ளோட்டம் பார்த்தோம். கிடாரம் நிறையத் தண்ணீர், நீலச் சுவாலை, குசினிச் சுவரில் ஒரு பொட்டுக் கரி இல்லை. பள்ளித் தலைவர் ஹாஜியார் குனிந்து அடுப்புக்குள் பார்த்து "மாஷா அல்லாஹ்" என்றார். அன்று என் கால் தரையில் படவில்லை.

நோன்பு தொடங்கியது. முதல் நாளே குசினி வெள்ளைப் புகையில் மூழ்கியது.

கடற்காற்றின் மேல் பழி

ஒவ்வொரு நாளும் அதே கதைதான். லுஹருக்குப் பிறகு பற்றவைத்தால் அடுப்பு அழகாக எரியும். அரிசி வேகும், இறைச்சி வேகும், இஞ்சியும் உள்ளியும் ரம்பை இலையும் சேர்ந்து மணக்கும். அஸர் தொழுகைக்கு அழைக்கும் பாங்குக்குக் கொஞ்சம் முன்னாலேயே நான் கைகால் கழுவி வுழூ செய்யப் போவேன். தொழுதுவிட்டுத் திரும்பினால், விசிறி உறுமிக்கொண்டிருக்கும், சுவாலை இருக்காது, புகை கூரைவரை நிற்கும். சரியாகத் தேங்காய்ப்பால் விடும் நேரம். பால் அந்தப் புகையை எல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும்.

விறகடுப்புக் கஞ்சியிலும் புகை மணம் உண்டு. அது எல்லோருக்கும் பழகிப்போன வாசம். உமிப்புகை அப்படியல்ல, தொண்டையில் காறும்.

உமி ஈரமோ என்று வெயிலில் காயவைத்தேன். சாம்பல் அடைக்கிறதோ என்று தட்டைக் கழற்றித் துளைகளைப் பெரிதாக்கினேன். வாயு வரும் குழாயைக் குத்தித் துப்புரவாக்கினேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் கடற்காற்றைப் பிடித்துக்கொண்டேன். பின்னேரம் கடலிலிருந்து காற்று எழும்பும் நேரமும் அடுப்புக்கு நோய் பிடிக்கும் நேரமும் ஒன்றாக இருந்தன. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கடல் பக்கமாகத் தகரம் அடித்து மறைப்புக் கட்டினேன். வேர்த்து விறுவிறுத்து, நோன்போடு, நானே ஆணி அடித்தேன்.

அடுத்த நாள் புகை வந்தது. தகரத்துக்குள் போக இடமில்லாமல் இன்னும் தடிப்பாக நின்றது.

காதர் காக்காவை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"காக்கா, நான் தொழப் போகக்குள்ள அடுப்பில ஏதாவது தொட்டயளா? கழட்டினயளா? திருகினயளா?"

"அல்லாஹ்வுக்காகச் சொல்றன் தம்பி, ஒண்டும் தொடல்ல. நீங்க சொன்ன மாதிரி உமியப் போட்டன். கஞ்சியக் கிண்டினன். பாங்கு சொன்னாங்க. மறுகா பார்க்கக்குள்ள புகை வருகுது."

அவர் பொய் சொல்கிறவர் அல்ல. புகைக்குள் நின்று அவருடைய சிகிச்சை செய்த கண்ணும் சிவந்திருந்தது. கண்ணைக் காப்பாற்ற வந்த அடுப்பே அந்தக் கண்ணுக்கு எமனாகிவிடுமோ என்று பயந்தேன்.

ஹாஜியாரின் தவணை

செருப்புத் தேடிய அன்று இரவு, இஷா தொழுகைக்கு முன் ஹாஜியார் என் வீட்டுக்கே வந்துவிட்டார். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, மிக மரியாதையாகத்தான் கதைத்தார்.

"தம்பி, ஆராய்ச்சி நல்லந்தான். நான் எதிர்க்கல்ல. ஆனா இது ஊர்ச்சனம் நோன்பு துறக்கிற கஞ்சி. நாளைக்கும் மணந்தா விறகு இறக்கத்தான் வேணும். விறகுக்காரருக்குச் சொல்லி வெச்சிட்டன். கோவிச்சிக்கக் கூடா."

"விறகு வந்தா காதர் காக்கா நிப்பாரா ஹாஜியார்?"

"அவர்ர மகள் விடமாட்டாள்தான். வேற ஆள் பார்க்கத்தான் வேணும். எனக்கென்ன ஆசையா?"

அவர் போன பிறகு, மனைவி பஸ்மிலா குசினியிலிருந்து கூப்பிட்டாள். விடியுமுன் உண்ணும் ஸஹர் சாப்பாட்டுக்கு, சம்பலுக்கோ எதற்கோ, கிரைண்டரில் அரைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்துக்கு மேலாகக் கத்தித்தான் கதைக்க வேண்டியிருந்தது.

"இஞ்சாருங்க, கடல் காத்து எங்கட வாப்பாட காலத்திலயும் அடிச்சதுதானே? இந்த அடுப்புக்கு மட்டும் என்ன புதுசா?"

"அதுதான் எனக்கும் விளங்கல்ல."

"தொழப்போற நேரத்திலதானே புகை வருகுது? நாளைக்கு நேரத்தோட வுழூ செய்துட்டு, பாங்கு சொல்லக்குள்ள அடுப்புக்குப் பக்கத்திலயே நில்லுங்க. என்னதான் நடக்குதெண்டு கண்ணால பாருங்களன்."

அந்த நேரம் இஷா பாங்கு கேட்டது. அவள் கிரைண்டரை நிறுத்தினாள், முக்காட்டை இழுத்துவிட்டாள். பாங்கு முடியும்வரை இருவரும் வாய் திறக்கவில்லை. முடிந்ததும் அவள் திரும்ப அரைக்கத் தொடங்கினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இரண்டு கைகள்

மறுநாள் அவள் சொன்னபடியே செய்தேன். நேரத்தோடு வுழூ செய்துவிட்டு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். குசினி வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு ஹாஜியாரும் இருந்தார். பிழிந்த தேங்காய்ப்பால் பெரிய சட்டிகளில் காத்திருந்தது. காதர் காக்கா கிண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்க முயன்றார்.

"தம்பி, இண்டைக்கும் சரிவராட்டி உங்களில குறையில்ல. என்ட நசீபு அவ்வளவுதான்."

நான் குனிந்து சாம்பல் தட்டைப் பார்த்தேன்.

சுவாலை நீலமாக நின்றது. கடற்காற்று வந்தது, தகரத்தைத் தட்டியது, போனது. சுவாலை அசையவில்லை. அப்படியானால் காற்றில்லை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். உமி ஈரமில்லை, சாம்பலும் இல்லை. பிறகு வேறென்ன?

ஒலிபெருக்கி ஒரு தரம் கரகரத்தது. மோதினார் தொண்டையைச் செருமினார். அஸர் பாங்கு தொடங்கியது.

என் கை தானாகப் போனது. நான் அதை அனுப்பவில்லை. விசிறியின் சிவப்பு சுவிட்சில் என் விரல் பட்ட அதே நேரம், மேலே இன்னொரு கை வந்து விழுந்தது. கஞ்சி ஈரத்தோடு, சூடாக, காதர் காக்காவின் கை.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

பாங்கு சொல்லும்போது எங்கள் ஊரில் யாருக்கும் யாரும் எதையும் சொல்லத் தேவையில்லை. கடையில் ரேடியோ வாயடைக்கும். வீட்டில் டீவியின் சத்தம் குறையும். பக்கத்து மருதமுனையில் தறிச் சத்தம் அடங்கும். சண்டை பிடித்துக்கொண்டிருப்பவர்கள்கூட மிச்சத்தைப் பாங்கு முடிய வைத்துக்கொள்வார்கள். இரைச்சல் போடும் எதையும் கை தானாக நிறுத்தும். நிறுத்தினோம் என்று பிறகு ஞாபகத்திலும் இருக்காது. நான் "ஏதாவது தொட்டயளா" என்று கேட்டபோது, அவர் "இல்லை" என்றது சத்தியமான வார்த்தை. பாங்குக்கு விசிறியை நிறுத்தியது அவர் கணக்கில் அடுப்பைத் தொட்டதே அல்ல. மூச்சு விட்டீர்களா என்று கேட்டால் யார்தான் கணக்குச் சொல்வார்கள்?

பாங்கு முடிந்ததும் அவர் மறக்காமல் விசிறியைத் திரும்பப் போட்டிருக்கிறார், ஒவ்வொரு நாளும். அதற்குள் சுவாலை செத்துவிடும்; விசிறியைப் போட்டால் மட்டும் அது திரும்பப் பற்றாது. நான் திரும்பி வரும்போது விசிறி ஓடிக்கொண்டிருக்கும், புகை நிற்கும். ஆய்வுகூடத்தில் நான் தண்ணீர் கொதிக்க வைத்ததெல்லாம் காலையில். வெள்ளோட்டமும் காலையில். காலையிலிருந்து லுஹர் வரை பாங்கு ஏது?

இதெல்லாம் எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஆனால் வாய் திறந்து சொல்ல முடியவில்லை. பாங்கு நடந்துகொண்டிருக்கிறது. நான் தலையை மட்டும் இல்லை, இல்லை என்று ஆட்டினேன். சுவிட்சிலிருந்து என் விரலை எடுத்தேன். அவருடைய கையையும் மெல்லத் தூக்கிவிட்டேன். விசிறி உறுமிக்கொண்டே இருந்தது.

காதர் காக்காவின் கண்கள் விரிந்தன. அவருக்கும் விளங்கிவிட்டது. ஆனாலும் அந்த இரைச்சல் அவருக்குப் பொறுக்கவில்லை. பாங்குக்குக் கேட்பவர் சொல்லும் பதிலைச் சொல்லி உதடு அசைந்தபடியே, விசிறிக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவில் போய் நின்றார். உடுத்திருந்த சாரத்தை இரண்டு பக்கமும் கொஞ்சம் விரித்துப் பிடித்துக்கொண்டார், சத்தத்தைத் தன் உடம்பால் மறைத்துவிடலாம் என்பது போல. ஹாஜியார் உருட்டிய தஸ்பீஹ் பாதியில் நிற்க எங்களை முறைத்துப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. அவ்வளவு நீளமான பாங்கை நான் வாழ்நாளில் கேட்டதில்லை.

முடிந்தது. துஆவும் ஓதினோம். சுவாலை நீலமாகவே நின்றது.

"பாங்கு சொல்லக்குள்ள என்ன இரைச்சல் இது?" ஹாஜியார் எழும்பி வந்தார்.

நான் சொன்னேன். அவர் காதர் காக்காவைப் பார்த்தார்.

"எத்தின நாளா இப்பிடி நிப்பாட்டின நீ?"

"நோன்பு தொடங்கினதில இருந்து, ஹாஜியார். பாங்குக்கு நிப்பாட்டாம பின்ன?"

முதலில் ஹாஜியாரின் தோள் குலுங்கியது. பிறகு தஸ்பீஹ் கையிலிருந்து விழுந்தது. அந்தப் பெரிய மனிதர் குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். எத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் அன்று இறங்கியது என்று எனக்குத்தான் தெரியும். என் அடுப்பில் பிழையில்லை, காதர் காக்காவிலும் பிழையில்லை!

அன்று பால் விட்ட கஞ்சியில் வெறும் கஞ்சி மட்டும் மணத்தது. நோன்போடு ருசி பார்க்க முடியாதென்பதால், ஹாஜியார் கிடாரத்துக்கு மேல் மூக்கை நீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு விறகுக்காரருக்கு அங்கிருந்தே போன் எடுத்து, "வேணா, வேணா" என்று சொன்னார். காதர் காக்கா அதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே, ஒன்றும் கேட்காதவர் போலக் கிண்டினார்.

பாங்குக் குழாய்

ஆனால் ஹாஜியார் என்னை அவ்வளவு லேசில் விடவில்லை.

"தம்பி, அடுப்பும் அணையக் கூடா, பாங்குக்கு இரைச்சலும் இருக்கக் கூடா. வழியொண்டு இல்லாமலா? நீங்கதானே ஆராய்ச்சி?"

எத்தனையோ பெரியவர்களுக்கு முன்னால் இந்த அடுப்பைப் பற்றி விளக்கியிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்டதும்தான் விடை எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று தெரிந்தது. அடுப்புக்கு மேலே உயரமாக ஒரு குழாய் வைத்தால், சூடான காற்று அதன் வழியே மேலே ஏறும். ஏறும்போது அடியிலிருந்து புதுக்காற்றைத் தானே இழுக்கும். பெரிதாக எரிய அது போதாது. ஆனால் விசிறி இல்லாத சில நிமிடங்களுக்கு உயிரைப் பிடித்து வைத்திருக்கப் போதும்.

குழாய் வந்து சேரும்வரை விசிறி ஓடட்டும் என்று ஹாஜியார் அனுமதி தந்தார். காதர் காக்கா ஒவ்வொரு அஸருக்கும் அதன் முன்னால் போய்ச் சாரத்தை விரித்துக்கொண்டு நின்றார். யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை.

இன்றைக்கு அந்த அடுப்பு பல ஊர்களில் எரிகிறது. இடையில் மின்சாரம் போனாலும் சுவாலை அணைவதில்லை. அதற்காக நான் பூட்டிய பற்றரியைக் கழற்றி எறிந்தாயிற்று. வரைபடத்தில் அந்தக் குழாய்க்கு நல்ல நீளமான ஒரு பெயர் வைத்திருக்கிறேன். அதைச் செய்து கொடுக்கும் பட்டறையில் கேட்டுப் பாருங்கள், பாங்குக் குழாய் என்றால்தான் விளங்கும். காதர் காக்காவின் மற்றக் கண்ணும் பெருநாள் கழிந்து நல்லபடியாகச் சத்திரசிகிச்சை ஆனது. அதற்குப் பிறகு வந்த நோன்புகளிலும் எங்கள் தெருக் கஞ்சி அவர் கையால்தான்.

ஆனால் எனக்கு மனதில் நிற்பது குழாய் பூட்டிய முதல் நாள். நோன்பின் கடைசிப் பத்துக்குள் வந்துவிட்டோம். வெல்டிங் சூடு ஆறிய குழாய் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. அஸர் பாங்கு தொடங்கியது. காதர் காக்கா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் சிவப்பு சுவிட்சை அமர்த்தினார்.

இரைச்சல் நின்றது. சுவாலை சிறுத்தது, வெளிறியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அது அதற்கு மேல் சிறுக்கவில்லை. கிடாரத்தின் அடியில் சின்ன நீல விளிம்பாக, சத்தமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. பாங்கு தெளிவாகக் கேட்டது. அதற்கு அடியில் கஞ்சி கொதிக்கும் சத்தமும் கேட்டது.

காதர் காக்கா அகப்பையைப் பிடித்தபடி, அவசரமில்லாமல், ஒவ்வொரு வார்த்தைக்கும் பதில் சொன்னார். முடிந்ததும் துஆ ஓதினார். விசிறியைப் போட்டார். சுவாலை குபுக்கென்று எழும்பியது. பிறகு தோளை உயர்த்தி அதில் கண்ணைத் துடைத்தார்.

எனக்குப் பகீரென்றது. "என்ன காக்கா, புகையா?"

"எங்க தம்பி புகை?" என்றார் அவர். "கெதியாப் பாலத் தாங்க."